அரை சென்டிமீட்டர்

நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைவான கெண்டையை ஏரியிலிருந்து யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்த நாளிலிருந்து, எங்கள் ஏரியில் பிடிபட்ட ஒவ்வொரு கெண்டையும் முப்பத்தொன்பதரை சென்டிமீட்டர் நீளமாகவே இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பதினேழு மீன்கள் சிக்கின. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை வைத்துப் பார்த்தார்கள்; பதினேழும் ஒரே அளவு. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தூண்டில்காரர்கள் சங்கத்தில் அப்போது முப்பத்தொரு பேர். வயிற்றுப்பாட்டுக்காக மீன் பிடிப்பவர் ஒருவரும் இல்லை. தலைவர் கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேருடைய கண்ணைச் சோதித்தவர் என்பதால் அளவு விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பியிருந்தார். லிஃப்ட் ரிப்பேர்காரர் ஒருவர் இருந்தார். வாரம் முழுவதும் இருட்டுக் கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு ஞாயிறன்று வெயிலில் உட்காரத்தான் வருவார். பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தியும் இருந்தாள். லேப்காரம்மா என்று கூப்பிடுவார்கள். நாள் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணுகிறவளுக்கு, தண்ணீரில் மிதக்கும் ஒற்றைத் தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஓய்வு வேறில்லை. பிடித்த மீன் ஒவ்வொன்றின் நீளத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு மட்டும்தான் உண்டு. அது தொழில் புத்தி.

சட்டத்தின் நோக்கத்தோடு யாருக்கும் சண்டை இல்லை. மீன் ஒரு தடவையாவது முட்டை போட்ட பிறகே பிடிபட வேண்டும் என்பது நியாயம்தான் என்று சங்கமே முன்பு தீர்மானம் போட்டிருந்தது. எரிச்சல் மற்றதில் வந்தது. ஏரி வாசலில் இருந்த பலகையில் மொத்தம் இருபத்துமூன்று விதிகள். ஒரு கம்புக்கு ஒரு முள். கொடி நட்ட இடத்தில் மட்டும் உட்கார வேண்டும். ஐந்து மணிக்குள் எழுந்துவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள்; போன வருடத்து எழுத்துப் பிழை போகும், புதிதாக ஒரு விதி சேரும். இவற்றையெல்லாம் எழுதியவர்கள் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள், ஏரியைப் பார்த்ததில்லை. நடைமுறைப்படுத்தியவர் உள்ளூர் மீன்வள ஆய்வாளர். அவர் லேப்காரம்மாவின் அக்கா புருஷன். சொந்தம் என்பதற்காக அவளுக்கு அரை சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுத்ததில்லை என்பதை அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வருடம் லிஃப்ட் ரிப்பேர்காரருக்குப் பொறுமை போனது. ஒரு மீனின் தலையை அவர் பிடித்துக்கொண்டு, வாலைத் தன் மைத்துனரிடம் கொடுத்து, இரண்டு பேருமாக இழுத்தார்கள். நாற்பத்தொன்று காட்டியது. துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மீன் பழைய அளவுக்கே சுருங்கிவிட்டது. ஆய்வாளர் அதைப் பறிமுதல் செய்து, ஃபார்மலின் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு, சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டி அலுவலக அலமாரியில் வைத்தார். ரிப்பேர்காரரின் உரிமம் ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது.

அளவைக் குறைக்கச் சொல்லிச் சங்கம் மனு போட்டது. பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மீண்டும் போட்டது. மூன்றாம் வருடம் அளவு முப்பத்தைந்தாகக் குறைந்தது. அன்று காலை முதல் மீன்கள் முப்பத்துநாலரை. அடுத்த வருடம் முப்பது, மீன்கள் இருபத்தொன்பதரை. அதற்கடுத்த வருடம் இருபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் சங்கம் வெற்றி பெற்றது, ஒவ்வொரு தடவையும் வெறும் பையோடு வீடு திரும்பியது. பெரிய மீன் போய் வேறு சின்ன மீன் வந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். லேப்காரம்மா அப்படி நினைக்கவில்லை. அறுவை சிகிச்சையில் தையல் போடும் சிவப்பு நூலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை பிடித்த மீனின் வாலில் தளர்வாகக் கட்டிவிட்டிருந்தாள். அப்போது அது முப்பத்துநாலரை. அளவு மாறிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அதே நூலோடு அதே மீன் சிக்கியது. இருபத்தொன்பதரை. உடம்பில் காயமில்லை, மெலிவில்லை, கண்ணில் குறையில்லை. குறைந்த அளவை எழுதிவிட்டு அதைத் தண்ணீரில் விட்டாள்.

ஆறாவது வருடம் துறையின் அறிக்கை வந்தது. ஏரியில் பெரிய கெண்டையே இல்லாமல் போனதற்குக் காரணம், தூண்டில் சங்கத்தார் அவற்றைத் திருட்டுத்தனமாகப் பிடித்துத் தின்றுவிட்டதுதான் என்றும், ஏரியை அவர்களுக்கு நிரந்தரமாக மூடிவிடலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. ஆறு வருடமாக ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்கள் அதைக் கண்ணாடிக் கடை மாடியில் நின்றுகொண்டே படித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏரி போவதைக்கூடத் தாங்கலாம், திருடன் என்ற பேரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்றார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஆய்வாளரின் கையெழுத்து இருந்தது.

மறுநாள் மதியம் லேப்காரம்மா வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலேயே மீன்வள அலுவலகத்துக்குப் போய் ஆறு நோட்டுகளையும் மேஜையில் வைத்தாள்.

"என்னைத் திருடின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அத்தான்."

பேர் போட்டு எழுதவில்லையே என்று அவர் முனகினார். நோட்டுகளைப் புரட்டினார், சிவப்பு நூல் கட்டிய மீனைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நானும் அளந்தேன்மா. இருநூத்திப் பதினொரு மீன். எல்லாமே இருபத்தி நாலரை. அதை அப்படியே எழுதியிருந்தா, மீனை விட்டுட்டு என்னைத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அலமாரியிலிருந்த ஜாடியைக் காட்டினார். செத்து நான்கு வருடமான அந்த மீனும் ஒவ்வோர் உத்தரவுக்கும் சுருங்கி, இப்போது ஜாடிக்குள் தாராளமாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை, எதிர்பார்த்த ரிசல்ட்டை வாங்கிப் பார்ப்பவள்போல இருந்தாள்.

"நாங்க கேட்டதுதான் தப்பு. குறைக்கச் சொல்லியிருக்கவே கூடாது. ஏத்துங்க, அத்தான். அறுபது போடுங்க."

"அறுபதா? ஊரே என்னை அடிக்க வரும்."

"நான் கேட்டேன்னு எழுதிடுங்க. வந்தா என்கிட்ட வரட்டும்."

ஓர் ஏரிக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும், சோதனை முறையில் அளவை மாற்ற ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. பத்தொன்பது வருட வேலையில் அவர் அதைத் தொட்டதே இல்லை. அன்று தொட்டார். மீன் ஐம்பத்தொன்பதரைக்கு வந்தால் அறிக்கையைத் தன் கையாலேயே திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். வராவிட்டால் என்ன ஆகும் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சங்கம் கொதித்தது. இருபத்தைந்துக்கே வழியில்லை, இவள் போய் அறுபது கேட்டு வாங்கி வந்திருக்கிறாள், வீட்டு ஆளோடு சேர்ந்து நம் தலையில் கல்லைப் போட்டுவிட்டாள் என்றார்கள். பேரை நீக்க வேண்டும் என்று இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று சங்கத்தின் சொந்த விதி குறுக்கே வந்ததால் அன்று நீக்க முடியவில்லை. அந்த வாரம் அவளுடைய அக்கா வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் நின்றபடியே, அவர் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். வராது என்று தங்கை சொன்னாள். சொல்லும்போது கையில் இருந்த டம்ளரை இரண்டு தடவை கழுவினாள்.

அமலுக்கு வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தொரு பேரும் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். பலரும் கம்பு கொண்டுவரவில்லை, அவள் தலைகுனிவதைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவள் தன் கொடியருகே உட்கார்ந்து, புழுவைக் கோர்த்து வீசினாள். அரை மணி நேரம் தக்கை அசையவில்லை. பிறகு அது ஆடாமல் அலுங்காமல் நேராக உள்ளே போனது. கம்பு வில்லாக வளைந்தது. இப்படி ஓர் இழுப்பை ஆறு வருடமாக யாரும் பார்த்திருக்கவில்லை. இருபது நிமிடம் அவள் விட்டுப் பிடித்தாள். கைவலை பத்தாது என்று தெரிந்ததும் லிஃப்ட் ரிப்பேர்காரர் செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்தார். வாலில் சிவப்பு நூல் இருந்தது. தளர்வாகக் கட்டியது இப்போது இறுகியிருந்தது. அவள் முதலில் அதைத்தான் நறுக்கிவிட்டாள்.

தலைவர் மூன்று முறை அளந்தார். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஐம்பத்தொன்பதரை," என்றார். பிறகு, "தங்கச்சி, நீயே உன் கையால தண்ணில விடு," என்றார். அதுவரை அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

ஒன்பது மணிக்குள் இன்னும் எட்டு மீன்கள் வந்தன. கம்பு கொண்டுவராதவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். சட்டையெல்லாம் ஃபார்மலின் வாடை. விடிகாலையில் ஜாடி வெடித்து, சாட்சிப் பொருள் ஃபைல்களின் மேல் நீட்டி நிமிர்ந்து கிடந்ததாம். அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அதைத் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். 'சங்க உறுப்பினர்கள் நேர்மையானவர்கள்' என்ற வரி வந்ததும் நிறுத்தி, அதை இன்னொரு தடவை வாசித்தார்.

அடுத்த வருடம் சங்கமே எண்பது கேட்டது. அதற்கடுத்து ஒரு மீட்டர். விதியைக் கடுமையாக்கச் சொல்லித் தூண்டில்காரர்கள் மனு போடுவதை முன்பின் பார்த்திராத தலைமை அலுவலகம், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று விஞ்ஞானிகள் இருவரை அனுப்பியது. அவர்கள் நான்கு நாள் அளந்தார்கள், இரண்டு நாள் தூங்கவில்லை, திரும்பிப் போய் இது சிறந்த மேலாண்மையின் விளைவு என்று எழுதினார்கள். அதற்காகத் துறை இயக்குநருக்குக் கேடயம் கிடைத்தது. அவர் இன்னும் ஏரியைப் பார்க்கவில்லை. முன்பென்றால் ஊர் கொந்தளித்திருக்கும். இப்போது, கேடயத்தையாவது வைத்துக்கொள்ளட்டும், பாவம், அவரிடம் மீன் இல்லையே என்று விட்டுவிட்டார்கள்.

மீன்கள் ஒன்றரை மீட்டரைத் தொட்ட வருடம் லிஃப்ட் ரிப்பேர்காரர் பழைய லிஃப்டின் கப்பியையும் எடைக்கல்லையும் வைத்துக் கரையில் ஒரு தூக்கி செய்தார். ஓய்வு பெற்ற ஆய்வாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, வரிசையில் நின்று உரிமம் வாங்கினார். முதல் மூன்று வாரம் ஒன்றும் சிக்காததற்குப் புது ஆய்வாளரின் நிர்வாகத்தைக் குறை சொன்னார். அவருடைய மனைவி மதியச் சாப்பாட்டைக் கரைக்கே கொண்டுவந்து, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் தக்கையையும் பார்த்துக்கொண்டாள். ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டபோது, லேப்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல அவ்வளவு பெரிய பாத்திரம் ஏதுங்க?" என்றாள். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியே போகும்போது எந்த ஊர் என்று யாராவது கேட்டால், பேரைச் சொல்வதற்கு முன்பே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிடுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கொஞ்சம் சிரமம்தான்.

யாரும் எதையும் கொண்டுபோகாத ஏரிக்கு அளவு விதி எதற்கு, எடுத்துவிடலாம் என்று போன வருடம் ஒரு புது அதிகாரி சொன்னார். இரண்டே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி விட்டுவிட்டார். இந்த வருடத்து அளவு இரண்டு மீட்டர் இருபது. மீன்கள் இரண்டு மீட்டர் பத்தொன்பதரை இருக்கின்றன. திரும்பிப் படுக்க அவற்றுக்கு இடம் போதவில்லை என்பதால், கிழக்குக் கரைப் பக்கம் ஏரியைக் கொஞ்சம் ஆழப்படுத்தித் தரும்படி சங்கம் மனு கொடுத்திருக்கிறது.