ஏசி அறையில் வளர்ந்த பஞ்சு

பஞ்சு முதல் தடவை நெஞ்சால் மோதித் தள்ளியபோது ஹிஃப்ஸா அதை விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் குனிந்திருந்தவள் முழங்கை சிராய்க்க மணலில் விழுந்தாள், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. பின்னாலிருந்து வந்து கழுத்தை அவள் தோள்மேல் போட்டு அழுத்திக்கொண்டு, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. வழக்கமாக அது செல்லமாக முனகுகிற 'ம்ம்ம்' எங்கே, இது எங்கே. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற பொன்னுச்சாமி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து விரட்டினார். பெரம்பலூர்ப் பக்கத்து மனிதர், ஆடு மாடு என்று வளர்ந்தவர். அவர் முகமே சரியில்லை.

"பாப்பா, முந்தாநாளு என்னையும் இப்டித்தான் முட்டுச்சு. மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரலாம்."

"கண்காட்சி முடியட்டும் அண்ணே. அப்புறம் நானே சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. பிள்ளை இந்த ஜீவனுக்காக என்ன பாடு பட்டாள் என்று கூடவே இருந்து பார்த்தவர், வாயை மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். உம்மு ஹானி என்கிற அரபிப் பெண்மணிக்கு அமீரகத்து ராஸ் அல் கைமாவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. ஒட்டகமும் ஆடும் எல்லாரும்தான் வைத்திருக்கிறார்கள் என்று, எங்கிருந்தோ விமானத்தில் அல்பாக்காக்களை இறக்கியிருந்தார். ஒட்டகத்துக்கும் செம்மறியாட்டுக்கும் சம்பந்தம் பண்ணிவைத்து, பிறந்ததற்குச் சுருட்டை முடி வைத்த மாதிரி இருக்கும். பஞ்சு அதில் ஒன்று. பிப்ரவரியில் கண்காட்சி. பிள்ளைகள் தாங்கள் வளர்த்ததைத் தாங்களே நடத்திக் காட்டுகிற போட்டி ஒன்று அதில் உண்டு. அதிகப்படியான ஆண் அல்பாக்காக்களை ஓமானில் ஒரு பண்ணைக்கு விற்றுவிடப் போவதாகவும், கண்காட்சியில் நன்றாக நடந்துகொள்கிற ஆண் ஒன்று மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றும் உம்மு ஹானி சொல்லிவிட்டார். பஞ்சு முட்டுகிறது என்று தெரிந்தால் கண்காட்சிக்கே கூட்டிப்போக மாட்டார், நேரே ஓமான்தான். பதினைந்து வயசுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு போடத் தெரியாதா?

பஞ்சு பிறந்தது 2005 ஜூலையில். எவனாவது ஜூலையில் இந்த ஊரில் பிறப்பானா? இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தாய் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து செத்துப்போனது. அன்றைக்குப் புல் இறக்கப் போயிருந்தவர் ஹிஃப்ஸாவின் வாப்பா அகமது கபீர். கீழக்கரைக்காரர், டவுனில் தீவனக் கடை வைத்திருந்தார். குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தவர், யாரையும் கேட்காமல் அள்ளிக்கொண்டு போய்ப் பிக்கப்பின் ஏசிக்கு எதிரே, கூட வந்திருந்த மகள் மடியில் வைத்துவிட்டார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கூடத்து ஏசிக்குக் கீழே, ஹிஃப்ஸாவின் மெத்தைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கோணிப்பை. தொழுகிற வீட்டுக்குள்ளே இது என்ன என்று உம்மா ஜுலைஹா பீவி முதல் நாள் கத்தினார். அது ஒரே மூலையில் மட்டும்தான் புழுக்கை போடும் என்று தெரிந்ததும் நாலாம் நாள் அவரே ஆட்டுப்பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஞ்சு என்று பேர் வைத்ததும் அவர்தான்.

வெயில் தணிந்த பிறகுதான் அதைப் பண்ணையில் கொண்டுபோய் விட்டார்கள். தன் இனத்தைப் பார்த்து அது மிரண்டு வேலியோரமாக ஒண்டிக்கொண்டது. மற்றவை கூட்டமாகப் படுத்தால் இது பொன்னுச்சாமியின் அறை வாசலில் போய்ப் படுத்தது. ஹிஃப்ஸா பள்ளிக்கூடம் விட்டு வந்தால்தான் புல்லில் வாய் வைக்கும். பாவம் என்று அதற்குத் தனித் தடுப்பு கட்டினார்கள், அடுத்த கோடையில் மறுபடியும் வீட்டுக்கே தூக்கி வந்தார்கள். எல்லாருக்கும் பெருமைதான். கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர்கள் கூடத்தில் எட்டிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கண்காட்சியன்று பஞ்சு எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்தவை ஒலிபெருக்கிக்கு மிரண்டன, பலகைமேல் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒன்று பிடித்திருந்த பையன் முகத்திலேயே துப்பியது. பஞ்சுவோ முகக்கயிறு தொய்ந்து தொங்க, ஹிஃப்ஸாவின் இடுப்பை ஒட்டியே நடந்தது. பலகையில் ஏறியது, குச்சிகளைத் தாண்டியது, வாயைத் திறந்து காட்டியது. கூட்டம் கைதட்டியபோது கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. மனுசர்களைக் கண்டு அதற்கு என்ன பயம்? நீல ரிப்பனை நடுவர் அம்மா அவள் கையில் கொடுத்தார். வேலிக்கு வெளியே வாப்பா தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

நடுவர் ஆஸ்திரேலியாக்காரி, நரைத்த முடியைக் கிராப் வெட்டியிருந்தவர். ரிப்பன் கொடுத்த பிறகும் போகவில்லை. பஞ்சுவையே பார்த்துக்கொண்டு நின்றார். அது முன்னால் வந்து அவர் நெஞ்சில் தன் நெஞ்சை வைத்து நின்றது. அவர் பின்வாங்காமல் கையால் தள்ளிவிட்டு, இது எங்கே வளர்ந்தது என்று கேட்டார். ஹிஃப்ஸாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏசியையும் புட்டிப்பாலையும் மெத்தையையும் தன் வேகமான ஆங்கிலத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். எல்லாரையும் சிரிக்கவைக்கிற அந்தக் கடைசி வரியையும் சொன்னாள்.

"தான் ஒரு அல்பாக்கான்னே இதுக்குத் தெரியாது, மேடம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. இது உன்னை முட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

ஹிஃப்ஸா பொன்னுச்சாமியைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் உம்மு ஹானி ரிப்பனைப் பஞ்சுவின் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் கேட்ட விதத்திலேயே அந்த அம்மாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆமாம், நிறையத் தடவை என்றாள் ஹிஃப்ஸா. உம்மு ஹானியின் கை அப்படியே நின்றது.

நடுவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். வயசுக்கு வந்த ஆண்கள் ஒன்றோடொன்று நெஞ்சால் மோதும், கழுத்தால் அழுத்தும். அதுதான் அவற்றின் சண்டை. இதற்கு மனிதர்கள்தான் தன் கூட்டம், ஆகவே மனிதர்களோடுதான் சண்டை போடும். யாரோடு அதிகம் ஒட்டிக்கொண்டதோ அவர்களோடு முதலில். இன்னும் ஒரு வருஷம் போனால் சின்னப் பிள்ளை யாரையாவது மிதித்துவிடும். தன் ஊரில் இப்படிப்பட்டதை ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். ஒரே ஒரு வழி இருக்கிறது, அதுவும் நிச்சயமில்லை. காயடித்து, பெரிய ஆண்களோடு விட்டுவிட வேண்டும். யாரும் தொடக்கூடாது. இந்தப் பெண் தடுப்புக்குள் போகவே கூடாது. வேலிக்கு வந்தால் கையை ஓங்கி அதட்டித் துரத்த வேண்டும்.

மறைத்ததற்காக உம்மு ஹானி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருக்கலாம். சொன்ன சொல் சொன்னதுதான், பஞ்சு இங்கேயே இருக்கும் என்று மட்டும் அரபியில் சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பி வருகிற வழியெல்லாம் ஹிஃப்ஸா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிமெண்ட் ஆலை தாண்டும்போது வாப்பா சொன்னார்.

"அன்னைக்கி அங்கேயே விட்டிருந்தா மௌத்தாப் போயிருக்கும் புள்ளே. நாம வேற என்னத்தச் செய்ய முடியும்?"

வாப்பா சொன்னதிலும் தப்பில்லை, அந்த அம்மா சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் அவளால் தாங்கமுடியாமல் இருந்தது.

இரண்டு மாசம் பண்ணைப் பக்கமே போகவில்லை. காயடித்துப் பெரிய ஆண்களோடு விட்டபின் பஞ்சு மூன்று நாள் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டது என்று வாப்பா வந்து சொல்வார். உம்மா அதன் கோணிப்பையைத் துவைத்துக் காயப்போட்டு எங்கேயோ வைத்துவிட்டார். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து புல் இறக்கப் போன வாப்பாவோடு ஹிஃப்ஸாவும் ஏறிக்கொண்டாள். இறங்காமல் உட்கார்ந்தே பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் ஏறினாள்.

பிக்கப் சத்தம் கேட்டதுமே பஞ்சு தலையைத் தூக்கியது. ஆண்களின் தடுப்பில் தள்ளித் தனியாக நின்றிருந்தது. காதில் ஒரு கடி, தோளில் முடி பிய்ந்திருந்தது. நேரே வேலிக்கு ஓடிவந்து கழுத்தை வெளியே நீட்டி, பழைய 'ம்ம்ம்' என்ற முனகலை ஆரம்பித்தது. அவள் எப்போது கதவைத் திறந்து இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கம்பிக்கு நாலடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். கொட்டகை நிழலிலிருந்து பொன்னுச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹிஃப்ஸா கையை ஓங்கினாள்.

"போ."

போகவில்லை. இன்னும் கழுத்தை நீட்டியது.

"போ, பஞ்சு. இங்கே வராதே. போ."

அதற்குள் பின்னாலிருந்து கறுப்பு ஆண் ஒன்று வந்து நெஞ்சால் ஓர் இடி இடித்தது. பஞ்சு தடுமாறி, திரும்பி, அந்தத் தகரச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. இரண்டும் கழுத்தோடு கழுத்து பின்னிக்கொண்டு, துப்பிக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தடுப்பின் அந்தக் கோடிவரைக்கும் ஓடின. கறுப்பு விலகிக்கொண்ட பிறகும் பஞ்சு திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே புல்லுக்கட்டில் வாய் வைத்தன. நல்லதுதான், இதற்காகத்தானே இத்தனையும். ஆனாலும் அந்தக் கறுப்பைப் பார்க்க ஹிஃப்ஸாவுக்கு வயிறு எரிந்தது. வாப்பா புல்லுக்கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். அவள் ஓங்கின கையை இறக்காமல் வேலியோரமாகவே நின்றுகொண்டிருந்தாள்.