இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் கல்

1.

இந்தக் கதை ஒரு தப்பான கணக்கிலிருந்து பிறந்தது. கணக்கு என்னுடையது. (முதலில் ‘ஒரு தவறிலிருந்து’ என்று மட்டும் எழுதி, யாருடையது என்று சொல்லாமல் விட்டிருந்தேன். அடித்துவிட்டேன்.)

எங்கள் வில்லிஸ்டன் ஊரில் கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் இந்த வாரப் பயிற்சி இது: கதையைக் கடைசி வரி இல்லாமல் எழுதிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுக்க வேண்டும். முடிப்பது அவர் பொறுப்பு. ஆகவே வாசகரே, பேனாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2.

தொடக்கம் அ: ‘மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் இருண்ட வயிற்றில்…’ வேண்டாம். நான் அங்கே போனதில்லை.

தொடக்கம் ஆ: ஓர்லின் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தொலியைத் துப்பினார்.

இது நடந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் எங்கள் ரிக்கில் துளைக்கும் முனையைத் திருப்புகிறவர் ஓர்லின். மூன்று கிலோமீட்டர் கீழே இறங்கியதும் அதைப் படுக்கைவாட்டில் திருப்பி, இன்னொரு மூன்று கிலோமீட்டர் ஓட்டுவார். இந்த வித்தை வந்த பிறகுதான் கோதுமை விளைந்த எங்கள் ஊரில் எண்ணெய் பெருகியது. வாடகைக்கு வீடு கிடைக்காமலும் போனது. முனை போகவேண்டிய பாறை அடுக்கு இரண்டு ஆள் உயரம்தான். அதற்குள்தான் இருக்கிறோமா என்று சொல்வது என் வேலை. சேற்றோடு மேலே வரும் கல்துகளைக் கழுவுவேன், பார்ப்பேன், கடிப்பேன்.*

* நறநறத்தால் சரியான அடுக்கு. வழவழத்தால் வெளியேறிவிட்டோம். (“மொத்தத்தையும் தின்னுடாதம்மா, எனக்கும் கொஞ்சம் வை” என்பார் ஓர்லின்.)

3.

பம்பு தள்ளும் சேற்றோடு கல் மேலே வர இரண்டு மணி நேரம் ஆகும். பம்பு வேகம் குறைந்தால் இன்னும் கூடும். அன்று ஒரு பம்பு நின்றுபோனது. நான் பழைய நேரத்தையே வைத்துக் கணக்குப் போட்டேன்.

முனை அடுக்கின் அடியைத் தாண்டியிருந்தது. ஓர்லின் அதை ஏற்கெனவே மேலே திருப்பிவிட்டார். அடுக்குக்குக் கீழே வெட்டிய கல்லோ அப்போதுதான் தாமதமாக வந்துகொண்டிருந்தது.

“இன்னும் அடுக்குக்கு அடியிலதான் இருக்கோம்,” என்றேன்.

“நிச்சயமா?”

“கடிச்சே பாத்துட்டேன்.”

ஓர்லின் இன்னும் மேலே திருப்பினார். அடுக்கின் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போனோம். இரண்டு நாள் வேலை வீண்.

ரிக்கை நடத்தும் ரஸ்டி வந்து கத்தினார். “யாருய்யா இவ்வளவு திருப்பச் சொன்னது?”

“யாரும் சொல்லல. என் கைதான் அரிச்சுது,” என்றார் ஓர்லின்.

4.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இப்படி ஒரு ஆள் இருப்பாரா என்று வகுப்பில் கேட்பார்கள். இவர் என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறப்பவர் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.)

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“உனக்கு இது முதல் ரிக்கு. எனக்கு நாப்பதாவது. திட்டு வாங்கிப் பழகிட்டேன். நீ வாயத் திறந்தே, உன் உருளைக்கிழங்கு ரொட்டி மொத்தமும் எனக்குத்தான்.”

ஆனால் திட்டோடு முடியவில்லை. ஓர்லின் வெள்ளிக்கிழமையோடு கிளம்பலாம் என்று ரஸ்டி சொல்லிவிட்டார். இன்று வியாழன்.

5.

முடிவு அ: நான் ரஸ்டியிடம் போய்ச் சொல்கிறேன். (இரண்டு முறை அவர் கதவுவரை போனேன். இரண்டு முறையும் “காபி இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.)

முடிவு ஆ: ஓர்லின் போய்விடுகிறார். நான் அவரைப் பற்றி நெகிழ்ச்சியாக ஒரு… சீ.

முடிவு இ: லவோன், இன்று நான் வேண்டுமென்றேதான் இடம் மாறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரஸ்டி உங்கள் கணவர். அன்றைய கணக்குத்தாளில் கையெழுத்துப் போட்டு இதன் பின்னால் இணைத்திருக்கிறேன். அந்தக் கல்லைப் போல இதுவும் தாமதமாகத்தான் மேலே வருகிறது. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் இந்த முறை சரியாக எழுதியிருக்கிறேன்.

கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதினாலும் சரி.