ஒன்பது கேன் கேரட்

எலி என்றுதான் நானும் நினைத்தேன். நினைக்க வைத்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷம் அடுத்தவர்களை ஏற்றி இறக்கிய மனிதர், இப்போது எங்கள் நான்காவது மாடிக்கு படிக்கட்டில் வளைவுக்கு வளைவு உட்கார்ந்து ஏறுகிறார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு வருஷமாக ஓடவில்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் கதவை ஒரு தட்டு தட்டி, "ஒனக்கும் எனக்கும் ஒரே வியாதிடா" என்பார். இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ்.

அந்த மிஷினுக்கு ஊற்றும் மருந்துத் தண்ணீர் பத்து லிட்டர் வெள்ளைக் கேன்களில் வரும். காலியானதைத் தூக்கிப் போடுவார்கள். அதில் ஒன்பதைக் கேட்டு வாங்கி வந்தார். நாலு தடவை அலசி, தலையை அறுத்து, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டார். பாதி மண், பாதி மணல். கல்லை எல்லாம் சலித்து எடுத்தார். வேருக்குக் குறுக்கே கல் இருந்தால் கேரட் கவட்டை மாதிரி பிளந்துவிடுமாம். விதையைத் தூவிவிட்டுப் பத்து நாள் பால்கனியிலேயே பழியாய்க் கிடந்தார். முளை கண்டதும் பாதியைப் பிடுங்கி எறிந்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"வந்ததைப் போய்ப் பிடுங்குறீங்களே?"

"நெருக்கியடிச்சு நின்னா எதுவும் தேறாதும்மா."

அவர் கேரட்டைத் தொடக்கூடாது. கேரட், வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம். நல்ல உடம்பு அதைச் சிறுநீரில் கழித்துவிடும். அவருக்கு அது ரத்தத்திலேயே ஏறி இதயத்தை நிறுத்திவிடும். எந்தக் காயானாலும் இரண்டு தடவை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுவேன். சக்கையைத் தின்பது போலத்தான் இருக்கும். "திங்க முடியாததை எதுக்கு வளர்க்குறீங்க?" என்று கேட்டதற்கு, "நீ தின்னு. லாண்டரியில நாள் முழுக்க நிக்குறே, கண்ணுக்கு நல்லது" என்றார். காலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தமோ.

குடிக்க அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அளவு. செடிகளுக்கு அதைவிடப் பல மடங்கு ஊற்றுவார். ஊற்றிவிட்டு அது மண்ணில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஈர மண்ணைக் கிள்ளி உதட்டில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். பார்க்காதவள் போல உள்ளே வந்து அழுதேன்.

அதனால்தான் அந்தக் கேரட்டுகளுக்கு நான் அப்படிக் காவல் நின்றேன். பச்சைப் பூச்சி அடைந்தபோது சோப்புத் தண்ணீர் தெளித்தேன். புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஈ வந்து தண்டடியில் முட்டை வைக்கும் என்றார். எங்கள் லாண்டரிக்கு ஓட்டலிலிருந்து வந்து கழித்துப் போட்ட வலைத்திரைச் சீலையைக் கேட்டு வாங்கி, ஒன்பது கேனுக்கும் கொசுவலை மாதிரி கட்டினேன். என் சூபர்வைசர், "வீட்டுல யாருக்குக் கல்யாணம்?" என்று கிண்டல் செய்தார். கேரட்டுக்கு என்றேன்.

இதற்கிடையில் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. சொந்தபந்தங்கள் எல்லாம் கைவிரித்த பிறகு, ஆஸ்பத்திரியில் என்னைச் சோதித்துப் பார்த்தார்கள். என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியது. ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றைக்குத்தான், கொடுக்கிற மாதிரி என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டதற்கு, "சரி" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வாரம்தான் எலி வந்தது.

கடித்துக் குதறிய கேரட் ஒன்றைக் காட்டினார். மறுநாள் இரண்டு. பொறி வைத்தேன், விழவில்லை. கம்பி வலை வாங்கி வந்தேன். அவரே மூடி செய்து பொருத்தினார். அப்படியும் எனக்கு ஆறவில்லை. "பால்கனியில வெச்சா பூந்துகிட்டேதான் இருக்கும்" என்று ஒன்பது கேனையும் தரதரவென்று இழுத்து, ஜன்னலோரம், அவர் கட்டிலுக்கு ஒட்டினாற்போல வரிசையாக வைத்தேன். கை நீட்டினால் எட்டும். "இப்ப வரட்டும் பார்ப்போம்" என்றேன். அவர் சிரித்தார்.

அதன்பிறகு எலித் தொல்லை இல்லை. இலையெல்லாம் நின்றபடி நின்றது.

ஆனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எகிறியிருந்தது. டயாலிசிஸ் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். "வீட்டுல என்னதான்மா குடுக்குறீங்க? இதுக்கு மேல போனா ஹார்ட் நின்னுடும். ஆபரேஷன் தேதியும் தள்ளிப்போகும்."

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலை சிஸ்டர்."

"பின்ன காத்துல ஏறுதா?"

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உப்பு டப்பா முதல் எல்லாவற்றையும் சோதித்தேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அவர் குளிக்கப் போயிருந்தார். நல்ல வெயில். படுக்கை விரிப்பை மாற்றும்போது, மூன்றாவது கேனில் இலைகள் துவண்டு கிடந்தது கண்ணில் பட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று தொட்டேன். கொத்து என் கையோடு வந்துவிட்டது. கீழே கேரட் இல்லை. கத்தியால் நேராக அறுத்த தலை மட்டும் விரற்கடை அளவு இருந்தது. பக்கத்துக் கொத்தைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. அறுத்த தலைகளைத் திரும்ப மண்ணில் குத்தி நிறுத்தி, சுற்றி அழுத்திவிட்டிருந்தார். எண்ணினேன். இருபத்தேழு.

எலி, தின்ற கேரட்டின் தலையைத் திரும்ப நடாது.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், மூன்று வருஷம் சக்கை தின்ற மனுஷன், பல்லில் கடிபடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டோடு வந்து, என் மடியில் கிடந்த தலைகளைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆசையா இருந்தா சொல்லியிருக்கலாமே. ஒண்ணே ஒண்ணை வேகவெச்சுக் குடுத்திருப்பேனே" என்றேன்.

"ஆசையா? எனக்கு நாக்கு செத்து வருஷக்கணக்காச்சு. எதைத் தின்னாலும் துருப்பிடிச்ச ஆணியைக் கடிக்கிற மாதிரிதான் இருக்கு. முழுங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது."

"பின்ன எதுக்குத் தின்னீங்க?"

"ஹார்ட் நின்னுடும்" என்று சிஸ்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"ஆபரேஷன் வேணாம்னா, ஆஸ்பத்திரியில உங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்கல்ல? அங்கேயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"அந்தக் கதவுல கண்ணாடி இருந்துச்சும்மா. வெளிய நீ நின்னுகிட்டிருந்தே. உன் மூஞ்சியைப் பார்த்துகிட்டே எப்படி வேணாம்னு சொல்றது?" துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "டயாலிசிஸ்ல பக்கத்துக் கட்டில் வாத்தியாரைப் பார்த்தேல்ல? பொண்டாட்டி குடுத்தது ஒரு வருஷம் தாங்கலை. திரும்ப மிஷினுக்கே வந்துட்டாரு. அந்தம்மா இப்ப நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. உன்னையும் அறுத்து, அதுவும் வீணாப் போச்சுன்னா? நான் முன்னாடியே போயிட்டா நீயாவது முழுசா இருப்பே."

"கட்டிலுக்குப் பக்கத்துல இழுத்து வெச்சேனே! வேர்க்க விறுவிறுக்க இழுத்து வெச்சேனே! பார்த்துச் சிரிச்சியே, பாவி!"

பதினாறு வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு நான் செய்தது எனக்கே வினோதம்தான். மிச்சக் கேன்களில் இருந்த உண்மையான கேரட்டுகளை எல்லாம் பிடுங்கினேன். குப்பையில் போட்டால் பொறுக்கிவிடுவார் என்று பயம். முந்தானையில் மண்ணைத் துடைத்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றேன். மணல் நறநறவென்றது. தாடை வலித்தது. அழுகையும் கேரட்டுமாகத் தொண்டையில் சிக்கியது. நிறுத்தவில்லை.

ஏழெட்டு போன பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "இனிக்குதா?"

இனித்தது. பாழாய்ப் போனது, அப்படி இனித்தது. "இல்ல" என்றேன்.

சிஸ்டரிடம் நான்தான் தெரியாமல் உருளைக்கிழங்கு போட்டுவிட்டேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் ஆபரேஷனையே நிறுத்திவிடுவார்கள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, உங்க கையாலயே கொன்னுடுவீங்க போலிருக்கே" என்று வார்டே கேட்கத் திட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் எந்தப் பூட்டையும் கழற்றிவிடுவார். அதனால் டூல்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறேன். டயாலிசிஸ் நாளில் அரை நாள் விடுப்புப் போட்டு, காய்கறிக் கடை இல்லாத தெருவாகப் பார்த்துக் கையைப் பிடித்தே அழைத்துப் போகிறேன். கீழ்வீட்டு அம்மா, "என்ன பாசம், கையை விட மாட்டேங்கறியே!" என்கிறார்.

ஆபரேஷனுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேச வேண்டாம். உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.