பாதியால் வகுத்தல்

...வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா இந்தப் பெண், மூன்றைப் பாதியால் வகுத்தால் எவ்வளவு என்று இப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன், கையிலிருந்த சாக்பீஸைக்கூட வைக்கவில்லை, அதற்குள் "ஆறு டீச்சர்!" என்று ஒரு கத்தல்... பாடக் குறிப்பில் இந்த இடத்தில் 'மாணவர்கள் விடை தெரியாமல் விழிப்பர்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேனே, விழித்துத் தொலைக்க வேண்டியதுதானே, மற்றதுகள் எவ்வளவு அழகாக விழிக்கின்றன! கடைசி பெஞ்சில் எங்கள் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியை பேனாவைத் திறந்தாயிற்று. தேறவில்லை என்று அவர் எழுதிவிட்டால் இன்னொரு வருஷம் முதலிலிருந்து... அம்மா சும்மா இருப்பாளா, "வாண்டுகளுக்கு வகுத்தல் சொல்லித்தர இத்தனை வருஷமாடி படிப்ப?" என்று இப்போதே தலையில் அடித்துக்கொள்கிறாள்.

"எப்படி ஆறு?" என்று கேட்டு வைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். "மூணு ரொட்டி டீச்சர், ஆளுக்குப் பாதி குடுத்தா ஆறு பேருக்கு வரும்." ரொட்டியாம்! என் குறிப்பில் ரொட்டி எங்கே வந்தது? தலைகீழாக்கிப் பெருக்கும் விதியை நான் இன்னும் சொல்லவே இல்லை, கண் விழித்து வண்ணம் தீட்டிய சார்ட்டை மாட்டவே இல்லை, அதற்கு முன்னால் விடை வந்துவிட்டால் நான் எதற்கு இங்கே தண்டத்துக்கு? "இரு, இன்னும் அங்க வரல, உக்காரு." உட்கார்ந்துவிட்டாள், அப்பாடா. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவள் நான், ஏன் தலைகீழாக்குகிறோம் என்று யாராவது கேட்டால்... ஐயோ, அது இப்போது எதற்கு, மணி அடித்துவிடுவார்கள், சார்ட்டை மாட்டு, விதியைச் சொல், எல்லாரும் சேந்து சொல்லுங்க... சொன்னார்கள், தொண்டை கிழிய.

மணி அடித்ததும் பேராசிரியை வந்து, "குறிப்புல உள்ளபடியே நடத்தினீங்க, நேரத்துக்கு முடிச்சிட்டீங்க, நல்ல மார்க்கோட தேறிட்டீங்க" என்றார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன், அம்மாவுக்கு ஃபோன் போட வேண்டும்... சார்ட்டைக் கழற்றத் திரும்பினால் அதே பெண், நோட்டை நீட்டிக்கொண்டு. அரையைத் தலைகீழாக்கி, பெருக்கி, ஆறு. "இப்போ சரியா டீச்சர்?" எரிச்சலாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அப்போதும் சரிதாண்டி என்று சொல்ல வாய் வரை வந்தது, பேராசிரியை இன்னும் வாசலிலேயே நிற்கிறார்... "ம், சரி" என்றேன். "அப்போ இந்த ரொட்டிய அழிச்சிடவா?" பக்க ஓரத்தில் பென்சிலால் மூன்று வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு, ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி... அட, அதனால்தான் இரண்டால் பெருக்கு... ரப்பர் தாளைத் தொட்டுவிட்டது. "இரு" என்றேன், அவள் கையிலிருந்து ரப்பரை வாங்கிக்கொண்டு.