நனைக்காத சுவர்

…எனக்குக் குளியலறையாம், முன்பக்கச் சுவர் அவனுக்காம், தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற சுவரை மச்சினன் பூசுவானாம், அவனுக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்த நான் இந்த மூலையில் குனிந்து கிடக்க வேண்டுமாம்... மேஸ்திரி என்ன சொன்னார், உன் கை சுத்தம், அவன் கை வேகம் என்று, சுத்தத்துக்குக் குளியலறை போதும் போல. அடுத்த கட்டடத்துக்குத் தலைக்கொத்தனாராக ஒருவனைத்தான் கூட்டிப்போவார், அது யாரென்று அந்தச் சுவர்தான் சொல்லப்போகிறது, இதற்கா இத்தனை வருஷம் வெயிலில் வெந்தேன்? இதில் கலவை சுமக்கிற என் மனைவியும் கூட்டு. கலவைச் சட்டி முதலில் யாருக்குப் போகிறது, அவள் தம்பிக்கு. சிரிப்புச் சத்தம் வேறு. என் பக்கம் வரும்போது மட்டும் இடுப்பு வலி. கேட்டால், அவன் சாரத்தில் நிற்கிறான் என்பாள்... நான் என்ன பாய் விரித்தா படுத்திருக்கிறேன்?

அவன் கலவையை அடிக்கிற சத்தம், சளக், சளக், கொஞ்சமும் தப்பவில்லை, எனக்கு வயிறு எரிகிறது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது... ஆனால் சத்தம் கொஞ்சம் வறண்டு கேட்கிறதே. கேட்கும். காலையில் முதலில் வந்து குழாயைப் பிடித்துச் சுவர்களை நனைக்கிறவன் நான்தான், செங்கல் வயிறு முட்டக் குடித்தால்தான் கலவையின் தண்ணீரை உறிஞ்சாது, உறிஞ்சினால் பூச்சு பிடிக்காது, கொஞ்ச நாளில் தட்டிப் பார்த்தால் டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்கும், அப்புறம் பெயர்ந்து விழும். இன்று யாருக்கு எந்தச் சுவர் என்று மேஸ்திரி சொன்னதும் குளியலறையை மட்டும் நனைத்துவிட்டுக் குழாயைச் சுருட்டி வைத்தேன். நானாக எதுவும் செய்யவில்லையே, செய்யாமல்தானே விட்டேன்? பூசுகிறவன் தொட்டுப் பார்க்க வேண்டாமா, கை இல்லையா அவனுக்கு? விழட்டும், அவன் பெயரும் சேர்ந்து விழட்டும்...

வெளியே மேஸ்திரி கேட்கிறார், கலவை ஏன் இப்படி இறுகுகிறது, சுவரை நனைத்தீர்களா இல்லையா என்று. என் கரண்டி நின்றுவிட்டது. சொல்லப்போகிறான், மாட்டிவிடப்போகிறான், நானாக இருந்தால் மாட்டிவிட்டிருப்பேன்.

"மாமா நனைச்சிருப்பாரு மேஸ்திரி. அவரு நனைச்ச செவுத்தை நான் தொட்டுக்கூடப் பாக்கறதில்ல. வெயிலு அப்படி. அக்கா, கலவையில கொஞ்சம் தண்ணி விடு."

சளக், சளக்... பாதிச் சுவர் ஆகியிருக்கும். இப்போது சொன்னால் வழித்துப் போட்டுவிட்டு நனைத்து மறுபடி பூசலாம், ஆனால் என்னவென்று சொல்வது, மறந்துவிட்டேன் என்றா, நான் மறக்கிற ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரியுமே... மனைவி சட்டியோடு வந்து நின்று என் முகத்தைப் பார்க்கிறாள், என்னங்க என்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லிக் குழாயைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டேனே தவிர, கால் வாசலைத் தாண்டமாட்டேன் என்கிறது. மேலே நின்று என்னை நம்பிப் பூசிக்கொண்டிருக்கிறான், பாவி, நான் ஒருநாளாவது அவனை இப்படி நம்பியிருக்கிறேனா?