கொள்கையளவில் வந்த நிழல்

பூங்காத் திட்டத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்த புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நகரத்தின் தெருக்களில் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு மரங்களின் நிழல் விழுந்தது. மரங்கள் இல்லை. நிழல் மட்டும் விளிம்பு லேசாக அசைந்தபடி தரையில் கிடந்தது. பால் வண்டிக்காரர் ஒருவர் பிரேக் போட்டு இறங்கி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு வண்டியை நிழலுக்குள் தள்ளி நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதியத்துக்குள் ஊரே அப்படிச் செய்யப் பழகிவிட்டது.

திட்டம் நாற்பது ஆண்டுக்கானது. நாற்பத்திரண்டு பூங்காக்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் மரவரிசைப் பாதைகள். முடிந்துவிட்டால் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வெயில் படாமல் நடந்துவிடலாம். சாலை அகலப்படுத்தியபோது பழைய மரங்களை ஒன்று விடாமல் வெட்டியிருந்ததால், எல்லாவற்றையும் புதிதாகத்தான் வைக்க வேண்டும். வரைந்தவள் திட்டப் பிரிவில் வரைவாளராக இருந்த பெண். கையில் எப்போதும் ஸ்கேல் இருந்ததால் அலுவலகத்தில் அவள் பெயரே ஸ்கேல் ஆகிவிட்டது. ஆறு வருடம் வரைந்தாள். அதற்குள் அறுபது பூங்காக்கள் நாற்பத்திரண்டாகச் சுருங்கின. ஒரு பூங்கா வாகன நிறுத்தமாகி, மறுபடி பூங்காவாகி, கடைசியில் பூங்கா வசதியுடன் கூடிய வாகன நிறுத்தமானது. சொன்னதையெல்லாம் அவள் மறுபேச்சில்லாமல் திருத்தினாள். ஒரு புள்ளியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அது பேருந்து நிலையச் சாலையில், அவளுடைய அக்காவின் பஞ்சர் கடைக்குத் தென்மேற்கே ஆறடியில் இருந்த மரம். அக்கா இருபது வருடமாக அந்த வெயிலில் உட்கார்ந்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தாள். புள்ளி வைப்பதற்கு முந்தைய கோடையில் மயங்கி, காற்றுக் கசிவு பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் முகம் கவிழ விழுந்தாள். சைக்கிளோடு வந்தவர் தூக்கி உட்காரவைத்தார். பிற்பகல் வெயிலின் கோணத்தைக் கணக்கிட்டுத்தான் தங்கை அந்தப் புள்ளியை வைத்திருந்தாள்.

புதன்கிழமை அவள் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தபோது, நிழல் நடுரோட்டில் கிடந்தது. அக்கா வெயிலில் இருந்தாள்.

“வந்துட்டியா? உன் மரம் பஸ்ஸுக்குக் குடை பிடிக்குது பாரு” என்றாள் அக்கா. “கூடப் பொறந்தவளத் தவிர ஊர்ல எல்லாரும் உன் கண்ணுக்குத் தெரியறாங்கடி.”

நிழல் நகரும் என்று அவள் மாலை வரை காத்திருந்தாள். நகரவில்லை. கட்டடங்களின் நிழல் வழக்கம்போல் சுற்றி வந்தது, விளக்குக் கம்பத்தின் நிழல் நீண்டது, மர நிழல் மட்டும் ஆணி அடித்ததுபோல் அங்கேயே இருந்தது. மறுநாள் மேகம் மூடியபோதும் இருந்தது. காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. அலுவலகத்தில் மரத்துக்கென்று ஒரே குறியீடுதான் உண்டு. ஒரு பச்சை வட்டம், அதன் கீழே வலப்பக்கமாக ஒரு சாம்பல் நிழல். எந்தத் தெருவானாலும் எந்தத் திசையானாலும் நிழல் கீழே வலப்பக்கம்தான். படம் பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. வரைபடத்தில் கீழே வலப்பக்கம் என்றால் தென்கிழக்கு. அந்த ஊரில் வருடத்தில் சில வாரங்கள், அதுவும் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் நிழல் அப்படி விழும். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு தடவை அந்தக் குறியீட்டை அவள்தான் ஒட்டியிருந்தாள்.

இயக்குநரிடம் போனாள். நிழலுக்கு உள்ளேயும் வெளியேயும் தெர்மாமீட்டர் வைத்து அளந்த ஒரு வாரப் பட்டியலைக் காட்டினாள். நாலு டிகிரி வித்தியாசம் இருந்தது. ஆனால் முக்கால்வாசி நிழல் ரோட்டிலும் சாக்கடை மேலும் கிடந்தது. நடைபாதையில் மரத்தை நட ஆரம்பித்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள்.

“நிழல் வந்துடுச்சேம்மா, அப்புறம் மரம் எதுக்கு?” என்றார் இயக்குநர். “மரம்னா இலை கொட்டும், வேர் பைப்ப உடைக்கும், காக்கா வரும். இது எவ்வளவு சுத்தமா இருக்கு!”

“நிழல் தப்பான பக்கம் விழுது சார்.”

“பக்கமெல்லாம் செயல்படுத்தும்போது பாத்துக்கலாம்.”

நாற்பதாம் ஆண்டின் இலக்கு முதல் நாளே எட்டப்பட்டது என்று கையேடு அச்சானது. நடவுப் பணிகள் என்ற அத்தியாயம் நீக்கப்பட்டது. இயக்குநர் கேடயம் வாங்கினார். அவள் திருத்த மனு எழுதினாள். குறியீட்டை மாற்றக் குறியீட்டுக் குழு கூட வேண்டும், குழுவின் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார், புதுத் தலைவரை நியமிக்கக் குழு கூட வேண்டும். அடுத்த வருடம் அந்த ஒரு மரத்தின் நிழலை மட்டுமாவது திருப்பக் கேட்டாள். ஆட்சேபங்களுக்கு அறுபது நாள் அவகாசம் தந்தார்கள். அந்த நிழலில் சிக்னலுக்கு நிற்கும் பேருந்து ஓட்டுநர்கள் முன்னூற்றுப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஆட்சேபித்தார்கள். மனு தள்ளுபடியானது. அதே வருடம் அக்கா கடைக்கு மேல் தார்ப்பாய் கட்டினாள். லாரி வந்து அவிழ்த்துக்கொண்டு போனது. நிழல் வந்தபின் அது பசுமைப் பாதை, பசுமைப் பாதையில் கூரையோ பந்தலோ குடையோ கூடாது என்பது திட்டத்தின் பத்தொன்பதாம் விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்ததும் தங்கைதான். ஐந்து வருடத்தில் நான்கு குடைகளும் இரண்டு தார்ப்பாய்களும் போயின.

மூன்றாம் வருடம், மனுக்களை நம்பாமல், வரைபடத்தில் புள்ளி வைத்த அதே இடத்தில் அவளே ஒரு கன்று நட்டாள். அது நன்றாக வளர்ந்தது. ஆளுயரம் தாண்டியது, இலை அடர்ந்தது, குருவிகூட வந்தது. நிழல் மட்டும் விழவில்லை. வெயில் கண்ணாடியில் புகுவதுபோல இலைகளுக்குள் புகுந்து நேராக அக்காவின் தலையில் இறங்கியது. அந்த மரத்துக்கு உரிய நிழல் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது, இன்னொன்று கிடையாது. அக்கா பச்சைத் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தாள்.

“இதுவும் உங்க ஆபீஸ் மரமாடி?”

ஐந்தாம் வருடக் கோடையில் அக்கா இரண்டாவது முறை விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் எழுப்புவது கஷ்டம், கடையை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று டாக்டர் தங்கையைத் தனியே அழைத்துச் சொன்னார். “விட்டுட்டு? வீட்ல உக்காந்து உன் மூஞ்சியவே பாக்கணுமா?” என்றாள் அக்கா. மூன்றாம் நாள் கடை திறந்தது.

தங்கை அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆறு வருடம் வரைந்த தாளை விரித்து, அந்தச் சாலையில் தான் எதையும் வைக்காத இடத்தைத் தேடினாள். கடைக்கு மேற்கே நாலடி அகலத்தில் வெள்ளையாக ஓர் இடம் இருந்தது. வேகமாக வளரும் ஜாதியில் ஒரு கன்று வாங்கி, பட்டப்பகலில், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அங்கே நட்டாள். திட்டத்தில் இல்லாத மரம் நடுவது விதிமீறல். எத்தனையாவது விதி என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த இரண்டு கோடைகளில் பிற்பகல் நேரங்களில் அவளே விடுப்பு எடுத்து வந்து டியூப் ஒட்டினாள். பாதி ஒட்டல்கள் பிய்ந்துகொண்டன. வாடிக்கையாளர்கள் அக்காவிடம் முறையிட்டார்கள்.

மூன்றாம் கோடையில் நிழல் வந்தது. திட்டத்தில் இல்லாததால் அதை யாரும் முன்கூட்டி வழங்கியிருக்கவில்லை. அக்கா தொட்டியையும் பெட்டியையும் அதற்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டாள்.

“என்னடி இது, ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது?”

“நிழல்னா அப்படித்தான்கா.”

“ஏழெட்டு வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

பத்தாம் ஆண்டு மறு ஆய்வு வந்தது. நிற்கும் மரங்களை எல்லாம் குறிக்க வேண்டும் என்று புது இயக்குநர் உத்தரவிட்டார். அந்தச் சாலை அவள் பங்குக்கு வந்தது. தாளோடு வந்து மரத்தடியில் நின்றாள். குறித்தால் குறியீடு ஒட்ட வேண்டும், ஒட்டினால் நிழல் தென்கிழக்கே போய் நின்றுவிடும். குறிக்காவிட்டால் வேலை போகலாம். “குறிச்சுத் தொலை, உன் பொழப்பு முக்கியம்” என்றாள் அக்கா, டியூபிலிருந்து தலை நிமிராமல். தங்கை அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருடமும் அடுத்த வருடங்களும் சரிபார்க்க வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், தாளில் இல்லாததால் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குறியீட்டுக் குழு இன்னும் கூடவில்லை. அவளுடைய பதினோராவது மனு அதன் முன் நிலுவையில் இருக்கிறது.

நகரும் மர நிழலைப் பார்க்கப் பள்ளிக்கூடங்களிலிருந்து கொஞ்ச நாள் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போய், டயர் பஞ்சரானவர்கள் மட்டும் வருகிறார்கள். மூன்று மணிக்கு அக்கா தொட்டியைக் கிழக்கே இரண்டடி தள்ளுவாள். காத்திருப்பவர்களும் பேச்சை விடாமல் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடவே நகர்வார்கள்.