பிரேக் போல்ட்டில் சிவப்புக் கோடு

எங்கள் சைக்கிள் கடையில் பிரேக் போல்ட்டை இறுக்குகிறவர்தான் அதன்மேல் கோடு போட வேண்டும். போல்ட் தலையிலிருந்து பிரேக் வரை குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு. போல்ட் தளர்ந்து கொஞ்சம் திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இருபது வருஷமாகச் சிவப்புக் கோடு என்றால் நான். விற்பனையைப் பார்க்கும் தம்பிக்குக் கோடே கிடையாது. அவன் பிரேக்கைத் தொட்டதில்லை.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், தம்பி மனைவியின் பந்தய சைக்கிளில் முன் பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டும் தங்க நிறத்தில் மின்னுகின்றன. குறுக்கே சிவப்புக் கோடு. நான் போடாத கோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மலையிலிருந்து இறங்கும் பந்தயம். ஒவ்வொரு வளைவிலும் அந்த பிரேக்தான் அவள் உயிர்.

"யாருடா என் கோட்டைப் போட்டது?"

"கோபப்படாதக்கா. டைட்டானியம் போல்ட். ஸ்டீலைவிட எவ்வளவோ லேசு. காந்தம் வெச்சுப் பார்த்துட்டேன், ஒட்டல."

"உன் மூக்குலகூடத்தான் காந்தம் ஒட்டாது. அதையும் டைட்டானியம்னு விப்பியா?"

ஒன்றைக் கழற்றித் தராசில் வைத்தேன். இரண்டு கிராம்கூட இல்லை. என் டப்பாவில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்த அசல் டைட்டானியம், அதே நீளம், அதே தடிமன், மூன்று கிராம். இது சாயம் பூசிய அலுமினியம். தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பிக்குப் போடட்டும், யார் வேண்டாம் என்றது? பிரேக்கில் போட்டால் அழுத்த அழுத்தச் சோர்ந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தலை முறிந்துவிடும்.

"இன்னும் எடை குறைஞ்சா நல்லதுதானேக்கா?" என்றான். இவனோடு பிறந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

"ஸ்டீலைத்தான் போடுவேன்."

"கடை என் பேர்ல இருக்கு."

"பேர் உன்னுது. கோடு என்னுது."

அதற்குள் அவளே ஹெல்மெட்டும் கையுமாக வந்துவிட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"எவ்வளவு குறையும்?"

"ரெண்டுக்கும் சேர்த்து ஆறு கிராம்."

"நான் ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா அதைவிட அதிகம்!"

"நீ ஜெயிக்கணும்னுதானே பார்த்தேன்," என்றான். பாவம், அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சிவப்பை ஒரு பொட்டு விடாமல் துடைத்தேன். மேஜை டிராயரிலிருந்து பிரிக்காத வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"உன் போல்ட்டை நீயே இறுக்கு. உன் கோட்டை நீயே போடு. நான் குறுக்க வரல."

"போடுங்க. நீங்க கோடு போட்டா அதுலயே இறங்குறேன்," என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இறுக்கினான். மூடியைத் திறந்து பேனாவை போல்ட்டின் அருகே கொண்டுபோனான். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். கோடு போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றான். வெள்ளைச் சொட்டு ஒன்று தரையில் விழுந்தது, அப்புறம் இன்னொன்று.

"அக்கா, ஸ்டீல் போல்ட் எந்த டப்பாவுல இருக்கு?"

நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"தேடு," என்றேன்.